சொல் விளையாட்டின் பின்கட்டு

விளையாட்டு முன்பே தயாராக இருந்தது. திரையில் ஒரு படம் வரும். கீழே எழுத்துக் கட்டைகள் கலைந்து கிடக்கும். பிள்ளை அவற்றை இழுத்து வரிசையாக வைத்தால் சொல் ஒலிக்கும். ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காக நண்பர் ஒருவர் காடோ 4 என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருள் கொண்டு எழுதிக் கொடுத்தது. மதுரை செல்லூரில் என் மதினி நடத்தும் மாலை வகுப்பில், ஏழு பழைய டேப்லெட்டுகளில் ஓடுகிறது.

விளையாட்டில் குறை இல்லை. அதற்குத் தீனி போடுவதில்தான் இழுபறி. சொற்கள் எல்லாம் ஒரு விரிதாளில் கிடந்தன. புதிய சொல் வேண்டுமென்றால் மதினி வாட்ஸ்அப்பில் எழுதுவார். நான் அதை விரிதாளில் ஏற்றி, படத்தைச் சுருக்கி, ஒலியை வெட்டி, விளையாட்டை மறுபடியும் தொகுத்து, டேப்லெட்டுகளை வாங்கி வந்து ஒவ்வொன்றாக நிறுவ வேண்டும். “தம்பி, நான் கேட்ட சொல் வந்து சேர்வதற்குள் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போய்விடுகிறது” என்றார். கொஞ்சம் மிகைதான். ஆனால் மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

எனவே, சொல்லையும் படத்தையும் குரலையும் ஆசிரியர்களே சேர்த்து, அவர்களே சரிபார்த்து, அவர்களே வெளியிடும் ஒரு டாஷ்போர்டு கட்டினேன். அந்த வேலையின் குறிப்புகள் இவை. தமிழில் இப்படி ஒன்று கட்ட நினைப்பவர்களுக்கு ஆங்கில வழிகாட்டிகளில் கிடைக்காத சில சங்கதிகள் இதில் உண்டு.

கருவிகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பைத்தான் மொழி, அதில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோ, தரவைச் சேமிக்க எஸ்கியூலைட். ஐந்தாறு பேர் பயன்படுத்தும் பொருளுக்கு அதற்கு மேல் எதுவும் ஆடம்பரம். ஜாங்கோவில் நிர்வாகப் பக்கம் ஆயத்தமாகவே கிடைக்கும். தரவு அட்டவணைகளை எழுதிவிட்டால் சேர், திருத்து, அழி எல்லாம் தானாக வந்துவிடும். அது நிறுவனத்தின் உள்வேலைக்கான கருவி, அதையே முழு முகப்பாக ஆக்கிக்கொள்ள வேண்டாம் என்று அதன் ஆவணமே சொல்கிறது. வகுப்பில் அதைத் திறந்து காட்டியபோது காரணம் விளங்கிவிட்டது. மதினியோடு பணிபுரியும் அக்காமார்கள் 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர்களாக இருந்தவர்கள். அட்டையை வெட்டிப் பாடம் செய்வதில் கைதேர்ந்தவர்கள். அவர்களிடம் கணினி இல்லை, போன்தான். அந்தச் சிறு திரையில் பத்துப் பெட்டிகள் நிரப்பச் சொல்லும் படிவத்தைப் பார்த்ததும், ‘ரேஷன் கார்டு விண்ணப்பம் மாதிரி இருக்கிறது’ என்று ஓர் அக்கா போனைக் கீழே வைத்துவிட்டார்.

நிர்வாகப் பக்கத்தை எனக்கு வைத்துக்கொண்டேன். அவர்களுக்கு மூன்றே திரைகள்: சொல் சேர்ப்பது, சரிபார்ப்பது, வெளியிடுவது. பழைய விரிதாளின் தலைப்புகளை எடுத்துவைத்து, எது ஆசிரியருக்கு மட்டுமே தெரியும், எதைக் கணினியே கண்டுபிடிக்கலாம் என்று பிரித்துப் பார்த்தேன். எழுத்து எண்ணிக்கை, கட்டைகளின் வரிசை, பாட நிலை, கோப்புப் பெயர்கள் எல்லாம் கணினியின் பக்கம் போய்விட்டன. ஆசிரியர் பக்கம் எஞ்சியவை சொல், படம், குரல் மட்டுமே. டாஷ்போர்டின் வடிவம் முழுவதும் இந்தப் பிரிப்பிலிருந்து வந்ததுதான். ஆசிரியருக்குத் தெரிந்ததை மட்டும் அவரிடம் கேட்பது. மற்றதைக் கேட்டு அவர் பொழுதை வீணாக்காதிருப்பது.

கட்டை கட்டையாகப் பிரிப்பது

‘மதுரை’ என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்து: ம, து, ரை. கணினியைக் கேட்டால் ஐந்து என்று சொல்லும். எழுத்துகளுக்கு எண் கொடுத்துச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என்று ஐந்து இடங்களாகத்தான் அது சேமிக்கப்பட்டிருக்கிறது. விளையாட்டில் உகரக் குறி தனிக் கட்டையாக வந்து விழுந்தால் பிள்ளை என்ன செய்யும்? ஆகவே மெய்யையும் அதன் பின்னால் வரும் குறியையும் சேர்த்து ஒரே எழுத்தாக எண்ண வேண்டும். எழுத்துத் தொடர்களைத் தேடிப் பிரிக்க உதவும் பைத்தானின் ரெஜெக்ஸ் நூலகத்தில் இதற்கு வசதி உண்டு, உலாவியிலும் உண்டு. பெரும்பாலான சொற்களுக்கு அதுவே போதும். க்ஷ, ஸ்ரீ இரண்டும் மட்டும் அடங்காது. பொது விதி அவற்றை இரண்டிரண்டாக வெட்டிவிடும். அவற்றுக்குத் தனி விதி எழுதினேன்.

பிரிப்பானைச் சேவையகத்தில் ஒளித்துவைக்காமல் தட்டச்சுப் பெட்டிக்குக் கீழேயே காட்டியதுதான் நல்ல பலன் தந்தது. ஆசிரியர் தட்டத் தட்ட, விளையாட்டில் வரப்போகும் கட்டைகள் அப்படியே கீழே உருவாகும். ‘ஔவை’ என்று தட்டினால் இரண்டு கட்டை. ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒளவை’ ஆக்கினால் மூன்று கட்டை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அச்சிட்ட புத்தகங்களிலேயே இந்தக் குழப்பம் மலிந்து கிடக்கிறது. கட்டையாக உடையும்போது மட்டும் சாயம் வெளுத்துவிடும். ‘கௌதாரி’ என்று தட்டியும் கெ, ள, தா, ரி என்று நான்காக வருவதைப் பார்த்த ஓர் அக்கா, யாரும் சொல்லாமலேயே அழித்துவிட்டுச் சரியாக அடித்தார். சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை போட்டிருந்தால் அதைப் படித்திருப்பாரா என்பது சந்தேகம்.

ஆனால் கண்ணுக்கும் கட்டைக்கும் ஒருசேரத் தப்பும் பிழைகளும் உண்டு. ரகர மெய்யின் இடத்தில் துணைக்காலைப் போட்டு அதன்மேல் புள்ளி வைப்பது. ‘அவர்’ என்பது அப்படி வந்தால் பல எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது. இணையத்தில் உள்ள தமிழ்ச் செய்திகளில் இது ஏராளம். துணைக்காலுக்கு மேல் புள்ளி என்பது தமிழில் எங்குமே இல்லாத சேர்க்கை என்பதால், இதைக் கேட்காமலே ரகரமாக மாற்றிவிடலாம். துணைக்காலில் இகரக் கொக்கி போட்ட ‘ரி’யும் அப்படியே.

இதில் வரிசை முக்கியம். யூனிகோடில் ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாக அடித்தாலும் ஒன்றாகச் சேர்த்து ஒகரக் குறி ஆக்கிவிடும் சீராக்கம் ஒன்று உண்டு. எல்லா வழிகாட்டிகளும் ‘முதலில் சீராக்கு’ என்றுதான் சொல்லும். ‘தேர்’ என்ற சொல் துணைக்கால் பிழையோடு வந்திருந்து, அதை முதலில் சீராக்கினால் ஏகாரக் கொம்பும் அந்தக் காலும் ஒட்டிக்கொண்டு ‘தோ’ ஆகிவிடும். தலையில் ஒரு புள்ளி அநாதையாக நிற்கும். மாசி வீதியில் ஓடும் தேருக்கே இந்தக் கதி. எனவே ரகரத் திருத்தம் முதலில், சீராக்கம் பிறகு. முன்பே ஒட்டிப்போய் வரும் சொற்களுக்கு, ஓகாரக் குறிக்கு மேல் புள்ளி கண்டால் பிரித்து ஏகாரக் கொம்பும் ரகர மெய்யுமாக்கும் விதி ஒன்று.

கெ, ள சேர்க்கையை மட்டும் தானாகத் திருத்தவில்லை, கேட்கிறேன். ‘வெளங்காது’ என்று கதை சொல்லும் பாத்திரம் ஒன்று பேசினால் அது பிழையில்லை. எங்கள் பக்கம் அந்தச் சொல் இல்லாமல் ஒரு நாள் ஓடாது.

பழைய கோப்புகளும் அகர வரிசையும்

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எங்களுக்கு உதவுகிறார். ஐயா என்றே எல்லோரும் அழைக்கிறோம். அவர் பல ஆண்டுகளாகச் சேர்த்த சொற்பட்டியல் ஒரு டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘மதுரை’யைத் திறந்தால் சின்ன கே, பெரிய ஜே, ஐ, யூ என்று நான்கு ஆங்கில எழுத்துகள் நிற்கும். உண்மையில் அங்கே தமிழே இல்லை. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேடம் போட்டுவைத்திருக்கிறார்கள். மாற்றி எழுதுவது எளிது, ஓர் இடத்தைத் தவிர. பாமினியில் ஐகார, எகர, ஏகாரக் கொம்புகள் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில், மெய்க்கு முன்னால் இருக்கும். யூனிகோடில் ஒலிக்கிற வரிசையில், மெய்க்குப் பின்னால் இருக்க வேண்டும். அதனால் கொம்பைப் பிடித்து மெய்யைத் தாண்டி வைக்கும் படி ஒன்று தேவை.

பட்டியலை ஒட்டும் பெட்டி ஒன்று வைத்து, பாமினி போலத் தெரிந்தால் மாற்றிக் காட்டி, ‘இது சரியா?’ என்று கேட்டுவிட்டுச் சேர்க்குமாறு செய்தேன். ஐயாவின் பட்டியல் முழுவதும் அந்தப் பெட்டி வழியாகவே உள்ளே வந்தது. வந்த பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி: “ஏன் தம்பி னகரம் நடுவில் வந்து நிற்கிறது?”

யூனிகோடின் எண் வரிசையில் நகரத்துக்கு அடுத்து னகரம், அதன் பின் பகரம். றகரம் ரகரத்தின் பக்கத்திலும், வகரம் ளகர ழகரங்களுக்குப் பின்னாலும் இருக்கும். தரவுத்தளம் அந்த எண்ணை வைத்துத்தான் அடுக்குகிறது. பள்ளியில் நாம் படித்த ‘ய ர ல வ ழ ள ற ன’ அதற்குத் தெரியாது. தமிழுக்கான அடுக்குமுறை ஆயத்தமாகவும் கிடைக்கிறது. ஆனால் சொற்களை ஏற்கெனவே எழுத்தாகப் பிரித்துவைத்திருந்ததால், ஒவ்வோர் எழுத்துக்கும் நம் நெடுங்கணக்குப்படி ஓர் எண் கொடுத்து, அந்த எண்களின் தொடரைச் சொல்லோடு சேமித்துவிட்டேன். கிரந்த எழுத்துகள் கடைசியில். ஐயா திருப்தியானார்.

எந்தப் பாடத்தில் எந்தச் சொல்

இதுதான் வேலையின் நடு முதுகெலும்பு. மதினியின் வகுப்பில் அ, ஆ என்று தொடங்குவதில்லை. வரைய எளிதான ட, ப, ம மூன்றிலிருந்து தொடங்குகிறார். அந்த மூன்றும் புள்ளியும் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் படிக்கலாம். அடுத்த பாடத்தில் இன்னும் சில எழுத்துகள், பிறகு துணைக்கால், பிறகு கொக்கி. விளையாட்டு இந்த வரிசையோடு நடக்க வேண்டும். பிள்ளைக்குத் தெரியாத எழுத்து ஒன்று சொல்லில் இருந்தால் கட்டையை இழுப்பது வெறும் ஊகம்தான்.

விரிதாளில் ‘நிலை 1, நிலை 2’ என்று ஆசிரியரே மனக்கணக்கில் போட்டுவந்தார்கள். இப்போது பாட வரிசையை மட்டும் ஒருமுறை கொடுத்தால் போதும். சொல்லில் உள்ள எழுத்துகளில் எது கடைசியாகக் கற்பிக்கப்படுகிறதோ, அதுவே சொல்லின் பாடம். பாட வரிசையை மாற்றினால் எல்லாச் சொற்களும் தாமே இடம் மாறும். பக்கத்துத் தெருவில் வேறு வரிசையில் கற்பிப்பவர்களுக்கும் அதே சொற்கள் பயன்படும்.

எழுத்து ‘தெரியும்’ என்பதை எப்படிக் கணக்கிடுவது என்பதில் மதினிக்கும் எனக்கும் நீண்ட வாக்குவாதம். நெடுங்கணக்கில் 247 எழுத்து. அத்தனையையும் பாட வரிசையில் ஒவ்வொன்றாகக் குறிக்கச் சொன்னால் யாரும் குறிக்கமாட்டார்கள். ககரமும் துணைக்காலும் தெரிந்த பிள்ளைக்குக் ‘கா’ தெரியும். அதைத் தனியாகக் கற்பிக்க வேண்டாம். எனவே மெய் தெரிந்து, குறி தெரிந்தால் உயிர்மெய் தெரியும் என்று விதி வைத்தேன். “உகரத்துக்கு அது ஆகாது” என்றார் மதினி உடனே. கு ஒரு மாதிரி வளைகிறது, சு கீழே கோடாக இறங்குகிறது, து வேறொரு மாதிரி மடிகிறது. கூ என்பதைப் பார்த்தால் கு-வின் உடன்பிறப்பு என்றே தோன்றாது. ஒன்றைக் கற்ற பிள்ளை அடுத்ததை ஊகிக்க வழியே இல்லை. ஆகவே உகர, ஊகார வரிசைகளின் 36 எழுத்துகளும் தனித்தனி. டி, டீ இரண்டும் அப்படியே. மற்றவை விதியின் கீழ்.

இந்த இடத்தில் 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு மனதார நன்றி சொன்னேன். அதற்கு முன்பு ணா, றா, னா மூன்றுக்கும் துணைக்கால் தனியாக நிற்காது, எழுத்தோடு சுழிந்துகொள்ளும். ணை, லை, ளை, னை நான்குக்கும் தும்பிக்கை போட்ட வேறு வடிவம். ஒகர ஓகார வடிவங்களையும் சேர்த்து 13 எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு அப்போது நேராக்கியது. இல்லாவிட்டால் என் விதிவிலக்குப் பட்டியல் இன்னும் நீண்டிருக்கும். ஐயா இன்றும் கையால் எழுதும்போது தும்பிக்கை போடுகிறார். அது அவர் உரிமை.

விதி இருந்தால் விலக்கும் கேட்பார்கள். முதலில் வந்த விலக்கு ஜிகர்தண்டா. ஜகரம் கடைசிப் பாடத்தில்தான் வருகிறது; அதனால் சொல்லும் கடைசிக்குப் போய்விட்டது. மதுரைப் பிள்ளையிடம் அவ்வளவு காலம் காத்திருக்கச் சொல்ல முடியாது. எனவே ‘படம் பார்த்துக் கேட்பதற்கு மட்டும்’ என்று ஒரு தெரிவு வைத்தோம். அதைத் தட்டினால் சொல் எந்தப் பாடத்திலும் வரும், ஆனால் கட்டைகள் கலையாது. ஏன் விலக்கு என்று ஒரு வரி எழுதியே ஆகவேண்டும். ‘பிள்ளைகள் கேட்கிறார்கள்’ என்பதும் ஏற்கத்தக்க காரணம்தான்.

இன்னொன்று. ஒரு சொல் தரவுத்தளத்தில் ஒருமுறைதான் வரலாம் என்று விதி வைக்கக் கூடாது. ‘மாலை’ என்று பூமாலைப் படத்தோடு ஒருவர் சேர்த்திருந்தால், சாயங்காலப் படத்தோடு இன்னொருவர் சேர்க்க முடியாமல் போய்விடும். சொல்லும் படமும் சேர்ந்ததே ஒரு பதிவு.

சுவரில் தொங்கும் அட்டவணை

டாஷ்போர்டு என்றாலே வட்டமும் கோடும் வரைந்து, ‘இந்த வாரம் இத்தனை சொல் சேர்ந்தது’ என்று காட்ட வேண்டும் என ஒரு கட்டாயம் போலிருக்கிறது. நண்பர்கள் இரண்டு பேர் அப்படித்தான் யோசனை சொன்னார்கள். அந்தப் படங்களைப் பார்த்து ஆசிரியர் அடுத்து என்ன செய்வார் என்று கேட்டேன், பதில் இல்லை. விட்டுவிட்டேன்.

பதிலாக முகப்பில் வைத்தது எல்லோருக்கும் தெரிந்த உயிர்மெய் அட்டவணை. மேலே உயிர், இடப்பக்கம் மெய். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த எழுத்து வரும் சொற்கள் எத்தனை இருக்கின்றன என்பது. நிறையச் சொல் இருந்தால் அடர் பச்சை, குறைவாக இருந்தால் வெளிர் பச்சை, இல்லையென்றால் வெள்ளை. கட்டத்தைத் தொட்டால் அந்தச் சொற்கள் வரும். ‘இந்த எழுத்துக்கு ஒரு சொல் சேர்’ என்ற பொத்தானும் வரும். பள்ளிச் சுவரில் பார்த்துப் பழகிய அட்டவணை என்பதால் யாருக்கும் விளக்கவேண்டி இருக்கவில்லை.

முதல் பார்வையிலேயே ஓட்டைகள் தெரிந்தன. எல்லோரும் பழமும் விலங்குமாகவே சேர்த்திருந்தார்கள். பீ-க்கு ஒன்றுமில்லை, பீர்க்கங்காய் வந்தது. வௌ-க்கு வௌவால். ஞா-வுக்கு ஞாயிறு. நெ-க்கு நெல், நெய். அக்காமார்களுக்கு இது ஒரு போட்டி போலவே ஆகிவிட்டது. வெள்ளைக் கட்டத்தை யார் முதலில் பச்சையாக்குவது என்று.

ங வரிசைதான் வெள்ளையாகவே நின்றது. ஙா, ஙி, ஙீ என்று சுவரில் எழுதிவைக்கிறோமே தவிர, அவற்றில் சொல் கிடையாது. அந்தக் கட்டங்களைச் சாம்பல் நிறமாக்கி ‘தேவையில்லை’ என்று குறித்தேன். அங்ஙனம், இங்ஙனம் இரண்டையும் சொல்லி ங-வை மட்டும் ஐயா காப்பாற்றிக்கொண்டார். மூன்றாம் வகுப்புக்கு அது எதற்கு என்று மதினி முணுமுணுத்தார். கட்டம் இப்போது வெளிர் பச்சை.

குரல்

குரல் பதிவுக்குத் தனிச் செயலி நிறுவச் சொல்லவில்லை. உலாவியிலேயே மைக் பொத்தான். பாதுகாப்பான இணைப்பு இருந்தால்தான் உலாவி மைக்கைத் திறக்கும். வீட்டுக் கணினியில் ஓடும் சேவையகத்தைப் போனிலிருந்து சாதாரண முகவரியில் சோதித்தால் மைக் கேட்கவே கேட்காது, பிழைச் செய்தியும் தெளிவாக வராது. ஆண்ட்ராய்டு குரோம் வெப்எம் கோப்பில் ஓப்பஸ் ஒலியாகத் தரும். ஐபோன் எம்பி4 தரும். காடோ நேராக ஏற்பது ஆக் வார்பிஸ், எம்பி3, வேவ். எனவே வந்ததையெல்லாம் சேவையகத்தில் எஃப்எஃப்எம்பெக் என்ற ஒலிக்கோப்பு மாற்றும் கருவி கொண்டு ஒரே வடிவத்துக்கு மாற்றுகிறோம்.

மாற்றும்போதே முன்னும் பின்னும் உள்ள மௌனத்தை வெட்டிவிடலாம். இணையத்தில் எல்லோரும் எடுத்து ஒட்டும் ஆயத்தக் கட்டளை ஒன்று இருக்கிறது. அது நடுவில் உள்ள மௌனத்தையும் சேர்த்து எடுத்துவிடும். பேட்டிகளுக்கு நல்லது, தமிழ்ச் சொற்களுக்குக் கேடு. ‘பட்டம்’ என்று சொல்லிப் பாருங்கள். ட்ட என்ற இடத்தில் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு ஒரு கணம் சத்தமே இல்லை. அந்தச் சத்தமின்மைதான் ஒற்று. அதை எடுத்துவிட்டால் டேப்லெட்டில் ‘பட்டம்’ படம் காட்டி ‘படம்’ போலக் கேட்கும். இரட்டிக்கும் வல்லினம் உள்ள எந்தச் சொல்லுக்கும் இதே ஆபத்து: பத்து, பாட்டு, அப்பா. நடுவைத் தொடாமல் இரு முனைகளை மட்டும் வெட்டும்படி மாற்றி, முனைகளிலும் கொஞ்சம் இடம் விட்டேன். ஒலியின் அளவைச் சமப்படுத்த ஒலிபரப்பு நெறிமுறைகள் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு நொடிச் சொல்லுக்கு உச்ச அளவைப் பார்த்து உயர்த்தினாலே போதும்.

செல்லூரில் தறிச் சத்தம் உண்டு. அதற்கு மென்பொருளில் மருந்து தேடவில்லை. மைக் பொத்தானை அழுத்தியதும் அரை நொடி சுற்றுப்புறத்தை அளந்து ஒரு பட்டையாகக் காட்டுகிறேன். பட்டை சிவந்தால் அக்காமார்களே கதவைச் சாத்துகிறார்கள், அல்லது தறி நிற்கும் நேரம் வரை காத்திருக்கிறார்கள்.

குரலோடு சேர்ந்த இன்னொரு முடிவு, தவறான விடைகளாகக் காட்டும் எழுத்துகளைப் பற்றியது. கேட்டுவிட்டு எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டத்தில் ந-வுக்குப் பக்கத்தில் ன-வையோ, ர-வுக்குப் பக்கத்தில் ற-வையோ வைத்தால், இன்றைய பேச்சில் நம்மில் பெரும்பாலோருக்கே காதால் பிரிக்கத் தெரியாது. பிள்ளையைப் பிடித்துக் கேட்பது அநியாயம். ல, ள, ழ அப்படியில்லை. அவற்றைக் கேட்டுப் பழக வேண்டும், அதிலும் ழகரத்தை ளகரமாக்கும் எங்கள் ஊரில். எனவே ஒவ்வோர் இணைக்கும் ‘காதால் கேட்கலாம்’, ‘எழுத்தில் மட்டும்’ என்று ஆசிரியர் குறிக்க ஓர் அட்டவணை உண்டு. இதில் கணினிக்குக் கருத்துக் கிடையாது.

சரிபார்ப்பும் வெளியீடும்

சேர்த்தவரே ஒப்புதல் தர முடியாது. வேறொருவர் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஐயாதான் பார்க்கிறார், அதிகாலையில், போனில். அவருக்கு நுழைவுச்சொல்லெல்லாம் வைக்காமல், சில நாளில் காலாவதியாகும் இணைப்பு ஒன்று போகிறது. சொல், கட்டைகள், படம், குரல் எல்லாம் டேப்லெட்டில் தெரியும் அதே வடிவில் தெரியும். எழுத்துருவும் விளையாட்டில் உள்ள அதே எழுத்துருதான். கீழே இரண்டு பொத்தான்: ‘சரி’, ‘திருப்பு’. திருப்பினால் காரணம் எழுத வேண்டும். சொற்றொடர் ஆட்டத்துக்கு ‘சுவற்றில் பல்லி’ என்று வந்ததைத் திருப்பி, ‘சுவர் என்பது சுவரில் ஆகும், சுவற்றில் ஆகாது’ என்று எழுதினார். காரணங்களை எல்லோரும் பார்க்கலாம் என்று வைத்ததால் அதே பிழை மறுபடி வருவது குறைகிறது.

‘ஒரு ஆடு’ என்று எழுதினால் ‘ஓர் ஆடு’ என்று கணினி ஒரு யோசனை சொல்லும். உயிரெழுத்துக்கு முன் ஓர் வரவேண்டும் என்ற விதியைச் சோதிப்பது எளிது. ஆனால் அது யோசனைதான், தடை இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இப்போதே இது வேண்டுமா என்பதில் ஐயாவும் மதினியும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அந்தச் சண்டைக்குள் நான் நுழைவதாக இல்லை.

படங்களுக்கு ‘எங்கிருந்து வந்தது’ என்ற பெட்டி கட்டாயம். இணையத்தில் கிடைத்தது என்று எழுதினால் ஏற்காது. அதனால் மல்லிகைப்பூவும் சுங்குடிச் சேலையும் அக்காமார்கள் தாங்களே எடுத்த படங்கள்; பார்க்கவும் அவையே நன்றாக இருக்கின்றன. பிள்ளைகளின் முகம் எந்தப் படத்திலும் கூடாது. விளையாடும் பிள்ளையின் பெயரையும் எங்கும் சேமிப்பதில்லை. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. அந்தத் தரவு எங்களுக்குத் தேவையே இல்லை என்பதால் ஒப்புதல் படிவமும் தேவைப்படவில்லை.

வெளியிடு என்றால் ஒப்புதல் பெற்ற எல்லாம் ஓர் எண்ணிட்ட பொதியாகும். ஒவ்வொரு கோப்பின் பெயரும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படுவதால், மாறாத படத்தையும் குரலையும் டேப்லெட் மறுபடி இறக்காது. வகுப்பின் வைஃபை கிடைக்கும்போது புதியவற்றை மட்டும் இறக்கி, எல்லாம் வந்து சேர்ந்த பிறகே பழைய பொதியை விடும். நடுவில் மின்சாரம் போனால் பழையது அப்படியே ஓடும். முந்தைய பொதிக்குத் திரும்பும் பொத்தான் ஒன்றும் உண்டு. டேப்லெட்டுகள் இப்போது என் வீட்டுக்கு வருவதில்லை.

இப்போது நிற்கும் வேலை சௌராஷ்டிரம். மகால் பக்கத்திலிருந்தும் முனிச்சாலையிலிருந்தும் வரும் சில பிள்ளைகளுக்கு வீட்டு மொழி அதுதான். அதிலும் ஓர் ஆட்டம் வேண்டும் என்று அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்கிறார்கள். தனி எழுத்து இருக்கிறது, 2008இல் யூனிகோடிலும் சேர்ந்தது. ஆனால் தமிழ் எழுத்தில் எழுதும் வழக்கமும் இருக்கிறது. தமிழில் இல்லாத ஒலிகளுக்கு க², க³, க⁴ என்று மேலே எண் போடுவார்கள். என் பிரிப்பான் அந்த எண்ணைத் தனிக் கட்டையாக வெட்டுகிறது. உயிர்க்குறியும் எண்ணும் சேர்ந்து வரும்போது எது முன், எது பின் என்பதில் எனக்குக் கிடைத்த கோப்புகளே ஒன்றுபோல் இல்லை. எந்த எழுத்தில் வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு சொல்லும் வரை, பதிவில் ‘மொழி’ என்ற ஒரு பெட்டியைச் சேர்த்துவைத்து, சௌராஷ்டிரச் சொற்களுக்குக் குரலும் படமும் மட்டும் ஏற்கிறேன். மைக் முன்னால் அமரச் சில பாட்டிமார்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.